லக்கல மலையும் மறைந்த மலைத்தொடரும்: மடிப்பு, பிளவு பற்றிய ஒரு விளக்கத்தின் வரலாறு

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை ஊடாக லக்கலவுக்குச் செல்லும் வீதி தேயிலைத் தோட்டங்களையும் ஏலக்காய்ச் செடிகள் அடர்ந்த காடுகளையும் கடந்து ரிவஸ்டன் இடைவெளியை அடைகின்றது. அங்கிருந்து இலுக்கும்புரவை நோக்கி இறங்கத் தொடங்கியதும் ஈரமலைக்காடு பின்தங்கிவிடுகின்றது. காற்று ஓயாது வீசும் புல்நிலங்கள் எதிர்ப்படுகின்றன. பிட்டவல பத்தனையில் மண் மிக மெல்லியது. பாறையே தரையாகிவிட்ட இடங்கள் அங்கு பல. வீதிக்காக வெட்டப்பட்ட மலைமுகங்களிற் கரிய பட்டையும் வெளிறிய பட்டையும் மாறிமாறி வரும் நைசுப் பாறையை எவரும் காணலாம். சில இடங்களில் இப்பட்டைகள் ஒரே திசையிற் சாய்ந்து கிடக்கின்றன. வேறு சில இடங்களில் நெளிந்து, தம்மீது தாமே மடங்கி, மீண்டும் வளைந்து செல்கின்றன. இந்நெளிவுகள் எப்போது, எவ்வாறு தோன்றின என்ற வினாவுக்கு விடை காணப்பட்ட வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் நோக்க முற்படுகின்றோம்.

இவ்வினாவுக்கு எளிதான விடையொன்று உண்டு. இமயம் ஒரு மடிப்பு மலை எனப் பாடசாலையிற் கற்றவர், லக்கலப் பாறைகளின் மடிப்பைக் கண்டதும், இம்மலையை உயர்த்தியதும் இம்மடிப்பே என முடிவுசெய்துவிடுவர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்விடை பிழையானது. அப்பாறைகள் இன்று காணும் வடிவிற் பெரும்பாலும் மடிந்தது இற்றைக்கு ஏறத்தாழ 61 கோடி ஆண்டுகளுக்கும் 55 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்திலாகும். அக்காலத்தில் உயர்ந்த மலைத்தொடர் அரிப்புண்டு முற்றாக மறைந்துவிட்டது. நக்கிள்ஸ் தொடரின் கொம்பனிய சிகரம் இன்று 1,906 மீற்றர் உயரத்தில் நிற்பதற்கு அம்மடிப்புகள் காரணமல்ல. மறைந்துபோன ஒரு மலைத்தொடரின் அடிவேர், வேறொரு காலத்தில், வேறொரு காரணத்தால் மேலே கொணரப்பட்டு நிற்பதையே லக்கலவில் நாம் காண்கின்றோம். மலையின் வயது வேறு, மடிப்பின் வயது வேறு என்பதை அறிய ஆய்வுலகுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

முதலில் மடிப்பும் பிளவும் மலையாக்கத்தின்போது எவ்வாறு உருவாகின்றன என்பதைக் கூறிவிடுதல் நன்று. பாறை உடைந்து, உடைவின் இருபுறமும் ஒன்றையொன்று உராய்ந்து இடம்பெயர்ந்தால் அதனைப் பிளவு என இக்கட்டுரையிற் குறிக்கின்றோம். பிளவுத்தளம் குறைந்த சாய்வுடையதாகி, மேற்பாளம் கீழ்ப்பாளத்தின்மேல் ஏறிச் சென்றிருப்பின் அது உதைப்புப் பிளவு எனப்படும். இத்தகைய பிளவுகள் அடுக்கடுக்காக அமைந்த நிலப்பட்டையே உதைப்பு வலயம். இமயத்தின் தென்விளிம்பு இதற்குச் சிறந்த உதாரணம்.

கடினமான கல் எவ்வாறு வளையும் என்பதே பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞரை முதலில் இடர்ப்படுத்திய கேள்வி. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சேர் ஜேம்ஸ் ஹோல், துணிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, மேலே பாரம் வைத்து, இரு பக்கங்களிலிருந்தும் பலகைகளால் நெருக்கிப் பார்த்தார். துணியடுக்கு அலையலையாக மடிந்தது. 1815 இல் வெளியான அவரது கட்டுரை, கடலோரப் பாறைகளில் தாம் கண்ட வளைவுகளுக்குப் பக்கவாட்டு நெருக்கமே காரணம் என்று வாதித்தது. எமது நாட்டிலே இதனை விளங்கிக்கொள்ள ஓர் ஏட்டுச்சுவடி போதும். சுவடியை வளைத்தால் ஒவ்வோர் ஏடும் அடுத்த ஏட்டின்மீது சிறிது வழுக்குகின்றது. வழுக்காவிடின் சுவடி வளையாது, முறிந்துவிடும். படைபடையாக அமைந்த பாறையும் அவ்வாறே. படைகளுக்கு இடையிலான வழுக்கல் நெடுந்தூரம் தொடர்ந்து செல்லுமாயின் அதுவே பிளவாகிவிடுகின்றது. மடிப்பும் பிளவும் இரு வேறு நிகழ்ச்சிகளென்று பாடநூல்கள் தனித்தனி அதிகாரங்களிற் கூறினும், உதைப்பு வலயத்தில் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகின்றது.

இவ்வுண்மை இலகுவில் ஏற்கப்படவில்லை. சுவிற்சர்லாந்தின் கிளாருஸ் பகுதியிற் பழைய பாறை புதிய பாறையின்மேற் கிடந்தது. ஆர்னோல்ட் எஷர் அதனைக் கண்டவர்; எனினும் ஒரு பெரும் பிளவின்மீது மலையே நகர்ந்து வந்தது என்று கூறத் தயங்கி, எதிரெதிர்த் திசைகளில் மடிந்த இரட்டை மடிப்பு எனப் பொருள்கொண்டார். 1884 இல் பிரெஞ்சு அறிஞர் மார்செல் பேர்த்திரான், அவ்விடத்துக்குச் செல்லாமலே, வெளியான வரைபடங்களைக் கொண்டு, அது ஒரே திசையில் வந்த ஒரே உதைப்பு என்று காட்டினார். அதே ஆண்டுகளில் ஸ்கொத்லாந்தின் வடமேற்கு மலைநாட்டிலும் இதே வழக்கு நடந்தது. மேலே கிடக்கும் பாறை பிந்தியதாகவே இருத்தல் வேண்டும் என்ற மர்ச்சிசனின் கருத்துக்கு அவரது பதவி துணைநின்றமையால் அது நெடுங்காலம் அசைக்கப்படாதிருந்தது. லாப்வேர்த், பீச், ஹோர்ன் ஆகியோரின் களவேலை அதனை மாற்றியது. கெடல் என்பவர் 1880களின் இறுதியில் மணல், களிமண், சாந்து ஆகியவற்றின் படைகளை ஒரு பெட்டியில் இட்டு நெருக்கி, ஓடுகள் ஒன்றன்மேலொன்று ஏறுவது போல் உதைப்புப் பாளங்கள் அடுக்குறுவதைக் கண்முன் காட்டினார். அறிவியலில் அதிகாரமும் ஒரு பாறைதான்; அதனைப் பெயர்க்கவும் நெருக்கம் வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் விளக்கம் நுட்பமடைந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் ஆய்வு செய்த ரிச் 1934 இல் கூறியது இது: உதைப்புப் பிளவு ஒரே சாய்வில் மேலேறுவதில்லை. மாக்கல் போன்ற மெலிந்த படையைக் கண்டால் அதனூடே கிடையாகச் செல்கின்றது; வலிய படை குறுக்கிடும்போது அதனைச் சரிவாக வெட்டி மேலேறி, அடுத்த மெலிந்த படையில் மீண்டும் கிடையாகின்றது. படிக்கட்டுப் போன்ற இவ்வழியில் நகரும் மேற்பாளம், சரிவின்மேல் ஏறும் இடத்தில் வளைந்தே ஆகவேண்டும். கீழே பிளவு இருப்பதை மேலே உள்ள மடிப்பு அறிவித்துவிடுகின்றது. இதன் வடிவக்கணக்கை ஜோன் சூப்பே 1983 இல் முறைப்படுத்தினார். வேறு வகையும் உண்டு. பிளவின் நுனி பாறைக்குள் முன்னேறிக்கொண்டிருக்கும்போது, இன்னும் உடையாத முன்பகுதி வளைந்து கொடுக்கின்றது. பின்னர் நுனி அவ்வளைவையும் அறுத்துச் செல்லலாம்.

ஒரு புதிர் எஞ்சியது. பல கிலோமீற்றர் தடிப்பும் பல பத்துக் கிலோமீற்றர் நீளமும் கொண்ட பாறைப்பாளத்தைப் பின்னாலிருந்து தள்ளினால், உராய்வு காரணமாக அது நகருமுன் நொறுங்கிவிடும் அல்லவா? ஹபேர்ட், ரூபி ஆகிய இருவரும் 1959 இல் இதற்கு நீரை விடையாகக் காட்டினர். பாறை நுண்டுளைகளிற் சிறைப்பட்ட நீரின் அழுத்தம் மேற்பாளத்தின் பாரத்தை ஓரளவு தாங்கிக்கொள்வதால் உராய்வு குறைகின்றது. 1983 இல் டேவிஸ், சூப்பே, டாலன் ஆகியோர் முழு வலயத்தையும் ஆப்பு வடிவமான ஒரு குவியலாகக் கண்டனர். பனியை வாரித் தள்ளும் யந்திரத்தை அவர்கள் உவமை காட்டினர். எமக்கு நெற்களமே போதும். காயும் நெல்லைப் பலகையாற் கூட்டும்போது, பலகையின் முன் நெல் குவிந்து சரிவொன்றை அடைகின்றது. அச்சரிவு போதிய அளவு உயரும்வரை குவியல் தனக்குள்ளேயே நெருங்கி உயரும். உயர்ந்தபின் முழுக்குவியலும் களத்தின்மேல் வழுக்கும், முன்னே புதிய நெல்லைச் சேர்த்துக்கொண்டு. மலைத்தொடரின் மடிப்பும் பிளவும் பின்னிருந்து முன்னோக்கிப் புதிது புதிதாகத் தோன்றுவது இவ்வாறே. மழையும் ஆறும் குவியலின் உச்சியை அரித்துவிடுமாயின் சரிவு குறையும். குவியல் மீண்டும் உள்ளே நெருங்கத் தொடங்கும்.

மேற்கூறிய யாவும் புவியோட்டின் மேற்பகுதிக்கே பொருந்தும். அங்கு பாறை குளிர்ந்தது, ஆகவே உடையும். இருபத்தைந்து, முப்பது கிலோமீற்றர் ஆழத்தில், 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், அதே நெருக்கம் வேறு விளைவைத் தருகின்றது. அங்கு பாறை உடையாது, பிசைந்த மாப்போல மெல்லப் பாயும். பிளவுத்தளத்துக்குப் பதிலாகப் பல நூறு மீற்றர் தடிப்புள்ள நசிவுப் பட்டை தோன்றும். மடிப்புகள் படுத்துவிடும், மடிப்பின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கனிமங்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசைப்படும். லக்கல வீதியோரத்திற் காணும் பட்டைகள் பெரும்பாலும் கடலடியிற் படிந்த படைகளின் எச்சமென்று எண்ணிவிடலாகாது; அவற்றுட் பல இந்நசிவினால் இழுபட்டு உருவானவை. உதைப்பு வலயத்தின் மேல்மாடியை இமயத்தில் காணலாம். அதன் நிலவறைக்குள் நடக்க விரும்புவோர் லக்கலவுக்கு வரவேண்டும்.

இலங்கையில் இப்பொருள் பற்றிய ஆய்வின் தொடக்கத்தில் தமிழர் நன்கறிந்த பெயரொன்று நிற்கின்றது. கொழும்பில் 1877 இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலைவரலாற்றாசிரியராக உலகறியப்படுமுன் புவிச்சரிதவியலாளராக இருந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவையின் முதற் பணிப்பாளராகக் கடமையாற்றினார். தோரியனைற்று என்னும் கனிமம் 1904 இல் அறியப்பட்டது அவரது முயற்சியாலாகும். அவர் வகுத்த பாறைப் பிரிவுகளுள் சார்னோக்கைற்று வரிசையும் ஒன்று. இப்பெயரின் பிறப்பு சுவையானது. கல்கத்தாவில் ஜோப் சார்னொக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல்லை ஆராய்ந்த ஹொலண்ட், 1893 இல் அவர் பெயராலேயே அதனை அழைத்தார். கல் வந்ததோ சென்னைக்கருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறையினத்திலிருந்து. நக்கிள்ஸ் தொடரின் செங்குத்தான பாறைமுகங்கள் பலவற்றில் நிற்பதும் இவ்வினமே. பரங்கிமலையும் லக்கலவும் உறவுப்பாறைகள் என்று கூறுவது மிகையன்று.

குமாரசுவாமியின் அளவை கனிமங்களைத் தேடிய அளவை; அதன் பெயரே அதனைச் சொல்கின்றது. குடியேற்ற அரசுக்கு வேண்டியிருந்தவை காரீயமும் இரத்தினமும் விலைபோகக்கூடிய அருங்கனிமங்களும். பாறை எத்திசையிற் சாய்கின்றது, மடிப்பின் அச்சு எங்கே செல்கின்றது என்பவற்றை நாடு முழுவதும் அளந்து படத்திற் குறிக்கும் வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்கப்படவில்லை. ஆயினும் எல்லாப் பழியையும் குடியேற்ற ஆட்சிமீது சுமத்திவிடுவதும் நேர்மையாகாது. கிளாருஸிலும் ஸ்கொத்லாந்திலும் மேற்கிடந்த பாறை பழையது என்று காட்ட உயிர்ச்சுவடுகள் உதவின. இலங்கையின் பழம்பாறைகளில் உயிர்ச்சுவடு எதுவுமில்லை. வெப்பம் யாவற்றையும் அழித்துவிட்டது. எது மூத்தது, எது இளையது என்று தெரியாதவிடத்து எது எதன்மேல் ஏறியது என்று கேட்கவே வழியிருக்கவில்லை.

அடுத்து வந்த இருவரின் கதை சற்று விந்தையானது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங் டோசன் அடம்ஸ், 1901 இல் நிக்கல்சனுடன் சேர்ந்து நடத்திய பரிசோதனையிற் சலவைக்கல்லை உலோக உருளைக்குள் இட்டு நசுக்கி, அது உடையாமலே வடிவம் மாறிப் பாயும் என்று நிறுவியவர். அத்தகையவர் 1929 இல் இலங்கையின் புவிச்சரிதம் பற்றி எழுதினார். மாத்தளைப் பகுதியிற் காவுதுபெலல்ல போன்ற இடங்களில் இன்றும் வெட்டியெடுக்கப்படும் சலவைக்கற் பட்டைகள் அவரது பரிசோதனை உருளையில் நிகழ்ந்ததை இயற்கையே பெரிதாக நடத்திய இடங்கள். ஆனால் இங்கு அவர் பெயர் நிலைத்தது வேறொன்றால்: கரையோரத் தாழ்நிலம், இடைமேடு, மத்திய உயர்நிலம் என இலங்கை மூன்று ஆறரித்த சமவெளிகளாற் படிபடியாக அமைந்தது என்ற கருத்தால்.

மற்றவர் டி. என். வாடியா. காஷ்மீரத்திலும் நங்க பர்வதத்திலும் உதைப்புப் பிளவுகளை அளந்தவர். வடமேற்கு இமயத்தின் மலைவளைவு பற்றி 1931 இல் எழுதிய ஆய்வு அவரைப் புகழுறச் செய்தது. அவர் இந்தியப் புவிச்சரிதவியல் அளவையிலிருந்து ஓய்வுபெற்று, 1938 இல் இலங்கை அரசின் கனிமவியலாளராக வந்தார். உதைப்பு வலயத்தை அவரளவு அறிந்தவர் அன்று ஆசியாவில் மிகச் சிலரே. எனினும் இலங்கையில் அவர் உதைப்பைக் காணவில்லை. அடம்ஸின் மூன்று படிகளையும் எடுத்துக்கொண்டு, செங்குத்தான பிளவுகளால் நிலம் பாளம் பாளமாக உயர்த்தப்பட்டதே அப்படிகளுக்குக் காரணம் என்றார். அவரைக் குறைகூறுவதற்கில்லை. இமயத்தில் மடிப்பும் உதைப்பும் மலைவடிவமும் ஒரே காலத்துக்குரியவை; ஒன்றைக் கண்டால் மற்றதை உணரலாம். இலங்கையில் அவை ஐம்பது கோடி ஆண்டுகளால் பிரிக்கப்பட்டுள்ளன. மலைவடிவத்தை நோக்கியவருக்கு உதைப்பு தெரியாமற் போனது இயல்பே. ஆனால் அவர் கூறிய எல்லைப் பிளவுகளும் பின்வந்தோரின் களவேலையிற் பெரும்பாலும் அகப்படவில்லை. படிகள் பாறையின் வன்மை மென்மைக்கேற்ப அரிப்பு வேறுபட்டமையாலும், உயர்ச்சி இடத்துக்கிடம் வேறுபட்டமையாலும் தோன்றின என்ற கருத்து வலுப்பெற்றது. பாடசாலைகளில் மட்டும் மூன்று சமவெளிகளும் நெடுங்காலம் அசையாதிருந்தன.

உண்மையான மாற்றம் சுதந்திரத்தின் பின்னர் வந்தது. ஓரங்குலப் படத்தாள்களை அடிப்படையாகக் கொண்டு பாறைகளை அளந்து வரையும் வேலை 1950களில் முறையாகத் தொடங்கியது. பி. டபிள்யூ. விதானகே பொலன்னறுவைப் பகுதியையும், பி. ஜி. குரே றங்கலைப் பகுதியையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கைகள் 1959 இலும் 1961 இலும் வந்தன. லக்கல இவ்விரண்டுக்கும் இடையிற் கிடக்கின்றது: தெற்கே றங்கலையிலிருந்து எழும் நக்கிள்ஸ் தொடர், வடகிழக்கே பொலன்னறுவைத் தாழ்நிலத்தை நோக்கி இறங்கும் சரிவு. இருவரும் பின்னர் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர்கள். குரே 1967 இல் எழுதிய இலங்கைப் புவிச்சரித நூல் ஒரு தலைமுறை மாணவருக்கு வழிகாட்டியது. கண்டியைச் சூழ்ந்த பகுதியில் நீண்ட கிண்ணங்கள் போன்ற மடிப்புகளைக் கண்ட விதானகே அவற்றை 'அரங்குகள்' என்ற பொருள்பட அழைத்தார். ஒரு திசையில் மடிந்த பாறையை மற்றொரு திசையிலிருந்து வந்த நெருக்கம் மீண்டும் மடித்தால் அத்தகைய கிண்ணங்கள் தோன்றக்கூடும். ஒரே நெருக்கமன்று, பல நெருக்கங்கள் இப்பாறைகளைத் தாக்கின என்பது இதனாற் புலனாயிற்று.

இங்கே ஒன்றை இடைக்குறிப்பாகச் சொல்லவேண்டும். இவ்வறிஞர்கள் பாறையைப் படித்தது பெரிதும் வெட்டுமுகங்களில். ஈரவலயத்தில் மண்ணும் காடும் பாறையை மூடிவிடுகின்றன. வீதியும் சுரங்கமும் கற்குழியும் வெட்டப்பட்ட இடத்திலேயே புதுப்பாறை முகங்காட்டும். 1830களில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின் மலைநாட்டு வீதிகளை வெட்டிய முன்னோடிப் படையணியினருட் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தமிழர். மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்து, வழியிற் பலர் மாண்டபின், கோப்பித் தோட்டங்களையும் அவற்றின் பாதைகளையும் அமைத்தவர் அவர்தம் உறவினர். இலங்கைப் புவிச்சரித அறிவின் முதற் பக்கங்களைத் திறந்த மண்வெட்டிகள் அவர்களுடையவை. எந்த ஆய்வறிக்கையின் நன்றியுரையிலும் அவர்களை நாம் கண்டதில்லை.

பாறைகளின் வயதை அளக்கும் முறை வந்ததும் பழைய தடை நீங்கியது. மத்திய மலைநாட்டின் உயர்நிலத் தொகுதியும் கிழக்குத் தாழ்நிலத்தின் விஜயன் தொகுதியும் முன்னர் ஒரே பாறையின் வெவ்வேறு நிலைகள் என்றே பலராற் கருதப்பட்டன. 1980களில் ஜெர்மானிய, இலங்கை ஆய்வாளரின் கூட்டுமுயற்சி, நியோதிமியச் சமதானிகளைக் கொண்டு, அவை வேறு வேறு பிறப்புடையவை என்று காட்டியது. உயர்நிலப் பாறைகளின் மூலப்பொருள் 200 முதல் 300 கோடி ஆண்டுகள் பழைமையானது. விஜயன் பாறைகளினது பெரும்பாலும் 200 கோடிக்கும் குறைந்தது. குரோனர், குரே, விதானகே ஆகிய மூவரும் 1991 இல் இலங்கையின் பழம்பாறைகளை உயர்நிலம், வன்னி, விஜயன், கடுகண்ணாவை என நான்கு தொகுதிகளாக வகுத்தனர். இரு வேறு நிலத்துண்டுகள் அருகருகே கிடக்குமாயின் அவற்றின் எல்லை எத்தகையது என்ற கேள்வி உடனே எழும். திருகோணமலைப் பக்கத்திலிருந்து தெற்குக் கடற்கரைவரை செல்லும் அவ்வெல்லை, உயர்நிலத் தொகுதி விஜயன் தொகுதியின்மேல் ஏறிய ஓர் உதைப்பு வலயம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விடை. சேருவிலவின் செம்பு, இரும்புத் தாதும், உஸ்ஸங்கொடவின் பச்சைப்பாம்புக்கல்லும் அவ்வெல்லையை அண்டியே உள்ளன. கன்னியா, மகா ஓயா முதலிய வெந்நீரூற்றுகளும் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு அருகிலேயே கிளம்புகின்றன.

இவ்விடைக்கு மிகத் தெளிவான சான்று கதிர்காமத்தில் உள்ளது. எல்லைக்குக் கிழக்கே, விஜயன் பாறைகளின் நடுவே, தீவுபோல் உயர்நிலப் பாறைகள் அங்கே நிற்கின்றன. அவை எவ்வாறு அங்கு வந்தன? ஒரு காலத்தில் உயர்நிலப் பாளம் அவ்விடத்தையும் மூடியிருந்தது. இடைப்பகுதி அரிப்புண்டு போக, ஒரு துண்டு மட்டும் எஞ்சியது. ஆல்ப்ஸ் மலையில் பல இடங்களில் இவ்வாறு எஞ்சிய துண்டுகளே உதைப்பை மெய்ப்பித்தன. கதிர்காம மலையேறும் அடியார் ஆயிரமாயிரம் பேர், வேரறுந்து நகர்ந்து வந்த ஒரு மலையின் மிச்சத்தின்மேல் ஏறுகின்றனர் என்பது எமக்கு இன்றும் வியப்பளிப்பது.

இவ்வளவு பெரிய நெருக்கத்தை உண்டாக்கியது கண்டங்களின் மோதலாகும். ஆபிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா ஆகியவற்றின் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாக ஒட்டிய காலம் அது. தென்தமிழகம், கேரளம் ஆகியவற்றின் பாறைகளிலும், அந்தாட்டிக்காவில் ஜப்பானியரின் சியோவா நிலையத்தைச் சூழ்ந்த பாறைகளிலும் இதே காலத்து வெப்பத்தின் அடையாளங்கள் உண்டு. இன்று லக்கலவில் நாம் மிதிக்கும் பாறையின்மேல் அன்று இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாறை இருந்தது. இமயம் போன்ற ஒரு தொடர் அங்கே நின்றிருத்தல் வேண்டும். அது முழுவதும் ஆறுகளால் கடலுக்குச் சென்றுவிட்டது. ஜுராசிக், கிரித்தேசியக் காலங்களிற் கொண்டுவானா உடைந்து இலங்கை தனித்தபோதும் அதன் பின்னரும் நிகழ்ந்த உயர்ச்சியும், வன்மையான சார்னோக்கைற்றும் குவாட்சைற்றும் நிற்க மெலிந்த சலவைக்கல் பள்ளத்தாக்காகிய அரிப்பும், இன்றைய நக்கிள்ஸைச் செதுக்கின. பழைய மடிப்புகள் மலையை உயர்த்தவில்லை. ஆனால் எந்தப் பாறை எங்கே, எந்தச் சாய்விற் கிடக்கவேண்டும் என்பதை அவைதாம் விதித்தன. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் படைச்சாய்வோடு ஒத்த சரிவாகவும் அமைந்த மலைமுதுகுகள் அவ்விதியின் விளைவு. மூடிய கைம்முட்டி என்று ஆங்கிலேயர் பெயரிட்டதும், லக்கேகலச் சிகரத்திலிருந்தே இராவணனின் வானூர்தி எழுந்ததென மீமுரே மக்கள் கூறுவதும் இவ்வடிவங்களைக் கண்டே.

நெருக்கம் இன்றும் முற்றாக நின்றுவிடவில்லை. இமயத்தோடு மோதிக்கொண்டிருக்கும் தட்டின் பின்பகுதி இந்து சமுத்திரத்தில் வளைகின்றது. இலங்கைக்குத் தெற்கே, மத்திய இந்து சமுத்திரத்தின் அடித்தளம், முகடுகளுக்கிடையே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் இடைவெளிகொண்ட அலைகளாக மடிந்து, உதைப்புப் பிளவுகளால் வெட்டுண்டுள்ளது. 1987 இல் அங்கு கடலடியைத் துளைத்த சர்வதேச ஆய்வுக்குழு, இம்மடிப்பு சில கோடி ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் கடந்த எண்பது இலட்சம் ஆண்டளவிலேயே நிகழ்ந்தது என்று கண்டது. லக்கலவின் பழைய பிளவுகளுக்கு உயிர் வந்துவிட்டது என்று இதனாற் கூறிவிடமுடியாது. ஆயினும் 2020 ஆகஸ்ட் இறுதி முதல் திகனைப் பகுதியிற் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டபோது, அருகிலுள்ள விக்ரோறியா நீர்த்தேக்கத்தைப் பற்றியும் சுண்ணக்கற் குழிகளைப் பற்றியும் மக்கள் கேட்ட கேள்விகள் வீண் அச்சத்தாற் பிறந்தவையல்ல.

ஏனெனில் இந்நாட்டின் பெரும் நீர்த்திட்டங்கள் யாவும் இம்மடிந்த பாறைகளின்மேலேயே கட்டப்பட்டுள்ளன. பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீரை உக்குவளைக்குக் கொண்டுசெல்லும் எட்டுக் கிலோமீற்றர்ச் சுரங்கம் 1976 முதல் இயங்குகின்றது. சமனலவெவ அணையில் நேர்ந்தது நாம் மறக்கத்தகாத பாடம். அணை முடிவுற்ற 1992 ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபரில், வலதுகரை மலையினூடாக நீர் வெடித்துப் பாய்ந்தது. கரைந்து குழிவிழுந்த சுண்ணக்கல்லும் அதனை வெட்டிச் செல்லும் பிளவுகளுமே காரணம். கோடிக்கணக்கான ரூபாய் செலவிட்டும் கசிவு முற்றாக அடைபடவில்லை. லக்கலவிலோ, களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018 ஜூலையில் நீர் நிரப்பத் தொடங்கியதோடு பழைய பல்லேகம நீருள் மறைந்தது. நீரிற் பெரும்பகுதி சுரங்க வழியாக மொரகஹகந்தவுக்குச் செல்கின்றது. நெல்வயலும் வீடும் இழந்தவர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர்.

நீரைவிடச் சரிவே மலைநாட்டில் அதிக உயிர்களைக் கொண்டது. பாறைப்படைகள் மலைச்சரிவின் திசையிலேயே சாய்ந்திருக்கும் பக்கத்தில், மழைநீர் படைகளுக்கிடையே புகுந்தால், மேலுள்ள சிதைந்த பாறையும் மண்ணும் அப்படையின்மேல் வழுக்கக்கூடும். ஹபேர்ட்டும் ரூபியும் கூறிய நீரழுத்தம் இங்கே சிறிய அளவில் மீண்டும் நிகழ்கின்றது. எதிர்ப்பக்கத்தில் ஆபத்து வேறு வகையினது. நிலத்தைப் பயன்படுத்திய முறையும் இதிற் பங்குடையது. மேல் மகாவலி நீரேந்து பகுதியில் மண்ணரிப்பை அளந்த ஆய்வு, காட்டின் கீழ் இயற்கையாக ஆண்டுக்கு ஒரு சதுர கிலோமீற்றரிலிருந்து 13 முதல் 30 தொன் மண்ணே அரிக்கப்பட, பயிரிடப்பட்ட நிலங்களில் அது 130 முதல் 2,100 தொன் வரை உயர்ந்தது என்று 2003 இல் அறிவித்தது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுள் மூழ்கியவை தோட்டத் தொழிலாளரின் லயங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மாத்தளை மாவட்டம் உட்பட மலைநாடெங்கும் சரிவுகளை உண்டாக்கி, நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. தோட்டத்துரைமார் லயங்களுக்கு இடம் குறித்தபோது பார்த்தது தொழிற்சாலைக்கும் கொழுந்து மலைக்கும் உள்ள தூரத்தை. நல்ல தேயிலை நிலத்தை வீட்டுக்கு விட அவர்கள் விரும்பவில்லை. அன்று பாறையின் சாய்வைக் குறித்த படங்கள் இருக்கவில்லை. இன்று உண்டு. 1993 முதல் இயங்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் வெளியிட்ட 1:100,000 அளவுத்திட்டப் படங்களில், அளக்கப்பட்ட இடங்களிற் படை எத்திசையில், எத்தனை பாகை சாய்கின்றது என்பது சிறு குறியாற் காட்டப்பட்டிருக்கின்றது. லயங்கள் அவ்விடங்களிலேயே நிற்கின்றன.